அத்தியாயம் 7: லெட்ஜர்களை மொத்தமாக டேலியில் ஏற்றுவது

நானூறு பார்ட்டி, அறுபது செலவுத் தலைப்பு, நான்கு வங்கிக் கணக்கு. இவ்வளவையும் ஒவ்வொன்றாக டேலியில் கிரியேட் செய்ய உட்கார்ந்தால் வேறு வேலை ஓடாது. எக்ஸெல் ஷீட்டில் பட்டியல் போட்டு மொத்தமாக ஏற்றிவிட்டால் ஏற்றும் வேலை சில நிமிடத்தில் முடிந்துவிடும். அந்தச் சில நிமிடத்துக்காகப் பட்டியலைத் தயார் செய்வதற்குத்தான் நேரம் பிடிக்கும். அதில் அவசரப்படாதீர்கள்.

காரணம் இருக்கிறது. ஷீட்டில் ஒரு கட்டம் காலியாக இருந்தாலோ எழுத்து மாறியிருந்தாலோ டேலி நிறுத்திக் கேட்கும். கடை வாடகை அட்வான்ஸைச் செலவுக் குரூப்பில் போட்டு அனுப்பினால் ஒரு வார்த்தை கேட்காமல் வாங்கி வைத்துக்கொள்ளும். வருடக் கடைசியில் ஆடிட்டர் லாபத்தைப் பார்த்து, "என்ன சார், இரண்டு லட்சம் குறையுதே?" என்று கேட்கும்போதுதான் அது தெரியவரும். அதனால் இந்த அத்தியாயத்தில் பட்டன்களைவிடப் பட்டியலைப் பற்றித்தான் அதிகம் பேசப் போகிறோம்.

யாருக்கு இந்த வழி, யாருக்கு வேண்டாம்

எக்ஸெல் ஷீட்டை நேரடியாக வாங்கிக்கொள்ளும் வசதி டேலி பிரைம் 4.0 பதிப்பில், 2023 இறுதியில் வந்தது. உங்களிடம் அதற்கு முந்தைய பதிப்பு இருந்தால் எக்ஸ்எம்எல் கோப்பு வழியாகத்தான் ஏற்ற முடியும். அதற்குப் பழக்கம் வேண்டும். சந்தா நடப்பில் இருந்தால் பதிப்பை உயர்த்திக்கொள்வதே சுலபம்.

பழைய கணக்கும் டேலியிலேயே இருக்கிறதா? அப்படியானால் எக்ஸெல் பக்கமே போக வேண்டாம். பழைய கம்பெனியைத் திறந்து, ஆல்ட் + இ அழுத்தி, மாஸ்டர்ஸை எக்ஸ்எம்எல்லாக எக்ஸ்போர்ட் செய்து, புதிய கம்பெனியில் இம்போர்ட் செய்யுங்கள். குரூப், முகவரி, ஜிஎஸ்டி விவரம் எல்லாம் குலையாமல் வந்து சேரும். நோட்டுப் புத்தகத்திலிருந்தோ, எக்ஸெல்லிலிருந்தோ, வேறு பில்லிங் மென்பொருளிலிருந்தோ மாறுகிறவர்களுக்குத்தான் கீழே உள்ள வழி.

ஒரு குறிப்பு. டேலி திரையில் குரூப் பெயர்கள் ஆங்கிலத்தில் இருக்கும். இங்கே படிக்க வசதியாகத் தமிழ் எழுத்தில் தந்திருக்கிறேன். உங்கள் ஷீட்டில் மட்டும் திரையில் உள்ளபடியே, ஓர் எழுத்துகூட மாறாமல் அடிக்க வேண்டும்.

உட்காரும் முன் கையில் இருக்க வேண்டியவை

1. மார்ச் 31 தேதியிட்ட டிரையல் பேலன்ஸ். ஆடிட்டர் முடித்துக் கொடுத்ததாக இருந்தால் நல்லது.
2. பார்ட்டி பட்டியல்: பெயர், ஊர், ஜிஎஸ்டி எண், பாக்கித் தொகை.
3. அதே மார்ச் 31-க்கான வங்கி ஸ்டேட்மென்ட், கல்லா இருப்பு.
4. சரக்கு இருப்புப் பட்டியல், மதிப்புடன்.

முதல் உருப்படியில்தான் பெரும்பாலோர் மாட்டிக்கொள்கிறார்கள். ஏப்ரல் 1 முதல் புது மென்பொருளில் பில் போட வேண்டும். ஆனால் தேய்மானம், பாக்கிச் செலவு எல்லாம் எழுதி ஆடிட்டர் கணக்கை முடிக்க ஆகஸ்ட், செப்டம்பர் ஆகிவிடும். அதற்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. முதல் சுற்றில் பெயரும் குரூப்பும் மட்டும் ஏற்றுங்கள், தொகைக் கட்டத்தைக் காலியாக விடுங்கள். கடை ஓடட்டும். ஆடிட்டர் கையெழுத்திட்ட பிறகு, அதே ஷீட்டில் தொகையை நிரப்பி இரண்டாம் சுற்று ஏற்றலாம். தோராயமான தொகையை ஏப்ரலிலேயே ஏற்றிவிட்டு, அப்புறம் எது மாறியது என்று தேடுவதற்கு இது எவ்வளவோ மேல்.

ஏப்ரல் 1-ஐ விட்டு ஆண்டின் நடுவில் மாறுகிறீர்கள் என்றால் கதை வேறு. அதுவரையிலான வரவு செலவுத் தொகைகளும் கூடவே வந்தாக வேண்டும். முடிந்தவரை ஏப்ரல் 1-க்கே வைத்துக்கொள்ளுங்கள்.

குரூப்: முழு வேலையும் இங்கேதான்

புதிய கம்பெனி திறந்ததும் டேலியில் 28 குரூப்புகள் தயாராக இருக்கும். 15 முதன்மைக் குரூப், அவற்றுக்குக் கீழே 13 துணைக் குரூப். சிறு வியாபாரத்துக்கு இவையே போதும். உங்கள் தலைப்புகளை இவற்றுக்குள் அடக்குவதுதான் முதல் வேலை.

விற்பனை, கொள்முதல், கட்டடம், தளவாடம் போன்றவற்றில் குழப்பம் வராது. குழம்புகிற இடங்கள் பெரும்பாலும் இவைதான்:

கடை வாடகை அட்வான்ஸ், மின்வாரிய டெபாசிட். திரும்பி வரவேண்டிய பணம் இது, செலவு இல்லை. டெபாசிட்ஸ் (அசெட்) குரூப்பில் போடுங்கள். மாத வாடகை மட்டும் இன்டைரக்ட் எக்ஸ்பென்ஸஸ். இரண்டுக்கும் "வாடகை" என்றே பெயர் வைத்தால் பில் போடுகிற பையன் தவறானதைத்தான் எடுப்பான். "கடை வாடகை அட்வான்ஸ்", "கடை வாடகை - மாதம்" என்று பிரித்து வையுங்கள்.

ஓடி, சிசி கணக்கு. வங்கிப் பெயரைப் பார்த்ததும் பேங்க் அக்கவுண்ட்ஸில் போட்டுவிடுவார்கள். இது கடன். பேங்க் ஓடி அக்கவுண்ட் என்று தனிக் குரூப் இருக்கிறது.

கைமாற்று. மச்சானிடமோ நண்பரிடமோ வாங்கியது அன்செக்யூர்டு லோன்ஸ். அடமானம் வைத்து வங்கியில் வாங்கிய தவணைக் கடன் செக்யூர்டு லோன்ஸ். இரண்டையும் சண்ட்ரி கிரெடிட்டர்ஸில் போடுகிறவர்கள் உண்டு. அங்கே சரக்கு கொடுத்தவர்கள் மட்டும் இருக்க வேண்டும்.

ஊழியருக்குக் கொடுத்த அட்வான்ஸ். லோன்ஸ் அண்ட் அட்வான்சஸ் (அசெட்). சம்பளச் செலவோடு சேர்க்காதீர்கள்.

டிடிஎஸ். நீங்கள் பிறரிடம் பிடித்து அரசுக்குக் கட்ட வேண்டியது டியூட்டீஸ் அண்ட் டாக்சஸ். உங்கள் பில்லில் பார்ட்டி பிடித்துக்கொண்டது உங்களுக்கு வரவேண்டியது, அது லோன்ஸ் அண்ட் அட்வான்சஸ் பக்கம் போகும். ஒரே லெட்ஜரில் இரண்டையும் போட்டால் ஒன்றை ஒன்று கழித்துக்கொண்டு இரண்டுமே தெரியாமல் போகும்.

லாரி வாடகை. சரக்கு உள்ளே வரக் கொடுத்தது டைரக்ட் எக்ஸ்பென்ஸஸ், பார்ட்டிக்கு அனுப்பக் கொடுத்தது இன்டைரக்ட் எக்ஸ்பென்ஸஸ். நிகர லாபம் இதனால் மாறாது. மொத்த லாபம் மாறும். வங்கியில் கடன் கேட்கும்போது மேனேஜர் போன வருட மொத்த லாபத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பார்.

வீட்டுச் செலவு. கல்லாவிலிருந்து மளிகைக்கும் பள்ளிக்கூட ஃபீஸுக்கும் எடுத்தது. கேபிடல் அக்கவுண்டின் கீழ் "டிராயிங்ஸ்" என்று ஒரு லெட்ஜர்.

ஒரு தலைப்பு எங்கே போகும் என்று தெரியவில்லையா? சஸ்பென்ஸ் குரூப்பில் தள்ளிவிடாமல், அந்த வரிசைக்கு மஞ்சள் நிறம் அடித்து வைத்து ஆடிட்டரிடம் மொத்தமாக ஒரு தடவை கேளுங்கள். சஸ்பென்ஸில் போட்டது பெரும்பாலும் அங்கேயே கிடக்கும்.

சொந்தக் குரூப் வேண்டுமானால் டெப்டார்ஸில் வையுங்கள். வசூலுக்குப் போகும் லைன் வாரியாகப் பிரித்தால் திங்கட்கிழமை பவானி, செவ்வாய் கோபி என்று பாக்கிப் பட்டியல் தனித்தனியாக எடுத்துக் கொடுக்கலாம். ஒரே ஒரு லெட்ஜருக்காக ஒரு குரூப் உண்டாக்குவது வீண்.

ஷீட் தயாரிப்பது

டேலி தன்னுடைய மாதிரி எக்ஸெல் கோப்பைத் தருகிறது. அதையே எடுத்துக்கொண்டு, தலைப்பு வரியைத் தொடாமல் நிரப்புவது முதல் தடவை செய்கிறவர்களுக்கு நல்லது. உங்கள் சொந்த ஷீட்டின் தலைப்புகளை டேலியின் தலைப்புகளோடு பொருத்திக் காட்டும் மேப்பிங் வசதியும் உண்டு. அடிக்கடி ஏற்ற வேண்டியிருக்கும் கணக்கு அலுவலகங்களுக்கு அது உதவும். ஒரு கடைக்காரருக்குத் தேவைப்படாது.

குறைந்தபட்சம் வேண்டியவை நான்கு: லெட்ஜர் பெயர், எந்தக் குரூப், ஓப்பனிங் பேலன்ஸ் தொகை, டெபிட்டா கிரெடிட்டா. பார்ட்டிகளுக்கு முகவரி, மாநிலம், ஜிஎஸ்டி எண் சேரும். முகவரியையும் ஃபோன் நம்பரையும் பிறகு ஏற்றிக்கொள்ளலாம். மாநிலமும் ஜிஎஸ்டி எண்ணும் இப்போதே சரியாக இருக்க வேண்டும்.

படிகள்:

1. குரூப் பெயர்களை அடிக்காதீர்கள், தேர்ந்தெடுக்க வையுங்கள். 28 பெயர்களையும் இன்னொரு ஷீட்டில் ஒட்டி, டேட்டா வேலிடேஷன் மூலம் குரூப் கட்டத்தில் கீழிறங்கும் பட்டியல் வைத்துவிடுங்கள். சண்ட்ரி டெப்டார்ஸை நான்கு பேர் நான்கு ஸ்பெல்லிங்கில் அடிப்பார்கள். இந்தப் பட்டியல் அதைத் தடுக்கும்.

2. ஜிஎஸ்டி எண், வங்கிக் கணக்கு எண், ஃபோன் நம்பர் கட்டங்களை, எதையும் ஒட்டும் முன்பே, டெக்ஸ்ட் வடிவத்துக்கு மாற்றுங்கள். மாற்றாவிட்டால் 11 இலக்கம் தாண்டிய எண்ணை எக்ஸெல் சுருக்கிக் காட்டும், 15 இலக்கத்துக்கு மேல் உள்ளவற்றைப் பூஜ்யமாக்கிவிடும், முன்னால் உள்ள பூஜ்யத்தையும் விழுங்கிவிடும். பூஜ்யமாகிப் போன இலக்கம் பிறகு டெக்ஸ்டாக மாற்றினாலும் திரும்பி வராது.

3. பெயர்களைச் சுத்தம் செய்யுங்கள். டிரிம் ஃபார்முலா முன்னும் பின்னும் உள்ள வெற்றிடத்தை நீக்கும். இணையத்திலிருந்தோ வேறு மென்பொருளிலிருந்தோ ஒட்டியதில் டிரிம்முக்கு அகப்படாத ஒருவகை வெற்றிடமும் வரும். அதைக் காப்பி செய்து, ஃபைண்ட் அண்ட் ரீப்ளேஸில் போட்டு சாதாரண இடைவெளியாக மாற்றினால் போய்விடும்.

4. இரட்டைப் பெயர்களைத் தேடுங்கள். கவுண்ட்இஃப் ஃபார்முலா ஒரே எழுத்தில் உள்ளவற்றைக் காட்டிவிடும். "முருகன் ஸ்டோர்", "முருகன் ஸ்டோர்ஸ்", "ஸ்ரீ முருகன் ஸ்டோர்ஸ்" மூன்றும் ஒரே கடையா என்று எந்த ஃபார்முலாவுக்கும் தெரியாது. ஜிஎஸ்டி எண் வாரியாக ஷீட்டை அடுக்கிப் பாருங்கள். ஒரே எண் இரண்டு வரிசையில் வந்தால் அகப்பட்டுவிடும். வேறு வேறு கடை என்றால் பெயரோடு ஊரைச் சேருங்கள்: "முருகன் ஸ்டோர்ஸ் - பவானி".

5. அடியில் உள்ள "மொத்தம்" வரியை அழியுங்கள். அழிக்காவிட்டால் "மொத்தம்" என்று ஒரு லெட்ஜர் உருவாகும், அதற்கு ஒரு பெரிய ஓப்பனிங் பேலன்ஸும் இருக்கும். மேலே உள்ள கடைப் பெயர், இணைத்த கட்டங்கள், நடுவே விட்ட காலி வரிகள் எல்லாவற்றையும் நீக்குங்கள்.

6. தொகைக் கட்டத்தில் எண் மட்டும் இருக்கட்டும். "3,17,650 ரூ" என்று அடித்தால் எக்ஸெல் அதை எழுத்தாகத்தான் பார்க்கும். கட்டத்தின் இடது ஓரத்தில் ஒட்டிக்கொண்டு நிற்கும் தொகை எழுத்தாக மாறிவிட்டது என்று அர்த்தம்.

டேலியில் கேஷ் என்றும் பிராஃபிட் அண்ட் லாஸ் அக்கவுண்ட் என்றும் இரண்டு லெட்ஜர் முன்கூட்டியே இருக்கும். உங்கள் ஷீட்டில் "கேஷ் அக்கவுண்ட்" என்று இருந்தால் அது மூன்றாவதாக வந்து உட்காரும். பாதி ரொக்கம் ஒன்றில், பாதி இன்னொன்றில் என்று ஆகிவிடும். கேஷ் என்பதை டேலியில் உள்ளபடியே எழுதுங்கள்.

ஜிஎஸ்டி எண்ணை எப்படிச் சோதிப்பது

மொத்தம் 15 எழுத்து. முதல் இரண்டு இலக்கம் மாநிலம், அடுத்த பத்தும் பார்ட்டியின் பான் எண், பதினான்காவது வழக்கமாக இசட், கடைசி ஒன்று சரிபார்ப்புக் குறி.

லென் ஃபார்முலாவில் 15 வராதவற்றைத் தனியே எடுங்கள். பிறகு முதல் இரண்டு இலக்கத்தை லெஃப்ட் ஃபார்முலாவால் பிரித்து, மாநிலக் கட்டத்தோடு ஒப்பிடுங்கள். தமிழ்நாடு 33, புதுச்சேரி 34, கேரளா 32, கர்நாடகா 29, ஆந்திரா 37, குஜராத் 24. பாலக்காட்டுப் பார்ட்டிக்கு மாநிலம் தமிழ்நாடு என்று இருந்தால் ஐஜிஎஸ்டி போட வேண்டிய பில்லில் சிஜிஎஸ்டி, எஸ்ஜிஎஸ்டி விழும். மாதக் கடைசியில் ரிட்டர்ன் போடும்போது அத்தனை பில்லையும் திருத்த வேண்டிவரும்.

பூஜ்யத்தையும் ஆங்கில ஓ எழுத்தையும் மாற்றி அடிப்பது அடிக்கடி நடக்கும். பான் எண்ணில் முதல் ஐந்து எழுத்து, அடுத்த நான்கு இலக்கம், கடைசி ஒன்று எழுத்து. இந்த வரிசையை வைத்தே எங்கே பூஜ்யம், எங்கே ஓ என்று கண்டுபிடித்துவிடலாம்.

*டிப்ஸ்:* பான் எண்ணைத் தனியாக அடிக்காதீர்கள். மிட் ஃபார்முலாவில் ஜிஎஸ்டி எண்ணின் மூன்றாவது எழுத்திலிருந்து பத்து எழுத்தை எடுத்துக்கொள்ளுங்கள்.

ஏற்றும் முன் ஷீட்டிலேயே கணக்கு நேராக வேண்டும்

ஈரோட்டில் ஒரு ஜவுளி மொத்த வியாபாரம் என்று வைத்துக்கொள்வோம். பார்ட்டிகளைச் சுருக்கிப் பார்த்தால் மார்ச் 31 நிலவரம் இப்படி:

டெபிட்:
- கேஷ்: 42,300
- வங்கி நடப்புக் கணக்கு: 3,17,650
- வரவேண்டிய பாக்கி: 8,64,200
- சரக்கு இருப்பு: 6,50,000
- கடை வாடகை அட்வான்ஸ்: 2,00,000
- தளவாடம்: 1,15,000
- ஜிஎஸ்டி இன்புட்: 27,850

கிரெடிட்:
- முதல்: 12,40,000
- கொடுக்க வேண்டிய பாக்கி: 6,35,500
- வங்கித் தவணைக் கடன்: 3,00,000
- சம்பளப் பாக்கி: 26,500
- ஆடிட் ஃபீஸ் பாக்கி: 15,000

இருபக்கமும் 22,17,000. உங்கள் ஷீட்டில் சம்இஃப் ஃபார்முலாவால் டெபிட் மொத்தம், கிரெடிட் மொத்தம் இரண்டையும் எடுத்து, ஒரு பைசாகூட வித்தியாசம் இல்லை என்று பார்த்த பிறகுதான் அடுத்த படி. இந்த இரண்டு மொத்தத்தையும் வேறு ஷீட்டில் வையுங்கள். "மொத்தம்" லெட்ஜர் ஞாபகம் இருக்கட்டும்.

மேலே உள்ள பட்டியலில் விற்பனையும் இல்லை, சம்பளச் செலவும் இல்லை, கவனித்தீர்களா? வருடம் முடிந்ததும் வரவும் செலவும் லாபமாகி, முதலில் சேர்ந்துவிடுகின்றன. ஏப்ரல் 1 அன்று அவை பூஜ்யத்திலிருந்து தொடங்க வேண்டும். ஆடிட்டர் முடிக்காத டிரையல் பேலன்ஸை அப்படியே ஏற்றினால் போன வருட விற்பனை இந்த வருடக் கணக்கில் ஓப்பனிங் பேலன்ஸாக வந்து நிற்கும். வரவு செலவு லெட்ஜர்களின் பெயரை மட்டும் ஏற்றுங்கள், தொகை வேண்டாம்.

முதலில் ஒத்திகைக் கம்பெனி

1. ஆல்ட் + கே அழுத்தி ஒரு புதிய கம்பெனி தொடங்குங்கள். பெயரில் "ஒத்திகை" என்று சேர்த்துக்கொள்ளுங்கள். கணக்கு தொடங்கும் தேதி உங்கள் நிஜக் கம்பெனியில் உள்ளதாகவே இருக்கட்டும்.

2. ஷீட்டிலிருந்து ஐந்தே ஐந்து லெட்ஜரை எடுத்துத் தனிக் கோப்பாகச் சேமியுங்கள்: ஒரு டெப்டார், ஒரு கிரெடிட்டர், ஒரு வங்கி, ஒரு செலவு, ஒரு கடன். சொந்தக் குரூப் ஏதாவது இருந்தால் அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

3. எக்ஸெல்லை மூடுங்கள். திறந்திருக்கும் கோப்பைப் படிப்பதில் தகராறு வரும்.

4. டேலியில் ஆல்ட் + ஓ, பிறகு மாஸ்டர்ஸ். கோப்பு வகை எக்ஸெல் என்று தேர்ந்தெடுத்து, கோப்பு இருக்கும் இடத்தையும் ஷீட் பெயரையும் காட்டுங்கள்.

5. சொந்தக் குரூப்புகளை முதலில் ஏற்றுங்கள், லெட்ஜர்களைப் பிறகு. குரூப் இல்லாமல் லெட்ஜர் வந்தால் எங்கே உட்காருவது என்று அதற்குத் தெரியாது.

6. சார்ட் ஆஃப் அக்கவுண்ட்ஸில் லெட்ஜர்ஸைத் திறந்து ஐந்தையும் உள்ளே போய்ப் பாருங்கள். குறிப்பாக டெபிட், கிரெடிட் பக்கம். எக்ஸ்எம்எல் வழியில் ஏற்றுகிறவர்கள் இதில் இன்னும் உஷாராக இருக்க வேண்டும். அங்கே டேலி டெபிட்டை மைனஸ் குறியோடும் கிரெடிட்டைக் குறி இல்லாமலும் எழுதும். நாம் பழகியதற்கு நேர் எதிர்.

ஐந்தும் சரியாக வந்தால் முழு ஷீட்டையும் ஒத்திகைக் கம்பெனியில் ஏற்றுங்கள். வருகிற பிழைகளை டேலியில் திருத்தாதீர்கள். ஷீட்டில் திருத்தி, மறுபடி ஏற்றுங்கள். டேலியில் திருத்தினால் ஒத்திகை சரியாகிவிடும், ஷீட் தவறாகவே இருக்கும், நிஜக் கம்பெனியில் அதே பிழை மறுபடி வரும்.

"ஏற்கெனவே இருந்தால் என்ன செய்ய?"

இம்போர்ட் அமைப்பில் ஒரு கேள்வி இருக்கும். ஏற்றப்போகும் லெட்ஜர் ஏற்கெனவே இருந்தால் டேலி என்ன செய்ய வேண்டும் என்பது அது. விடைகள் மூன்று. இதைப் படிக்காமல் என்டர் தட்டிக்கொண்டே போகிறவர்கள்தான் அதிகம்.

இக்னோர் டூப்ளிகேட்ஸ்: இருப்பதைத் தொடாது, புதியதை மட்டும் சேர்க்கும். விட்டுப்போன பார்ட்டிகளைச் சேர்க்கும்போது இதுதான் பாதுகாப்பு.

மாடிஃபை வித் நியூ டேட்டா: பழையதன் மேல் ஷீட்டில் உள்ளதை எழுதும். திருத்திய ஷீட்டை மறுபடி ஏற்றவும், ஆடிட்டர் முடித்த தொகையை இரண்டாம் சுற்றில் ஏற்றவும் இது வேண்டும். இடையில் யாராவது டேலியிலேயே ஒரு தொகையைத் திருத்தியிருந்தால் அது போய்விடும்.

கம்பைன் ஓப்பனிங் பேலன்சஸ்: இருக்கும் தொகையோடு புதிய தொகையைக் கூட்டும். இரண்டு கிளைகளின் கணக்கை ஒன்றாக்குகிறவர்களுக்கானது. இந்த நிலையில் ஒரே ஷீட்டைத் தவறி இரண்டு முறை ஏற்றினால் எல்லாப் பாக்கியும் இரட்டிப்பாகும். டெபிட்டும் கிரெடிட்டும் சேர்ந்தே இரட்டிப்பாவதால் டிரையல் பேலன்ஸ் நேராகவே இருக்கும். பார்ட்டி ஃபோன் செய்து சண்டை போடும்வரை யாருக்கும் தெரியாது. கிளைகளை இணைக்கும் வேலை இல்லாவிட்டால் இந்தப் பக்கம் போகாதீர்கள்.

நிஜக் கம்பெனியில் ஏற்றுவது

1. ஆல்ட் + ஒய் அழுத்தி பேக்கப் எடுங்கள். பென் டிரைவிலோ வேறு டிரைவிலோ, தேதி போட்ட ஃபோல்டரில்.
2. வேறு யாரும் அந்த நேரத்தில் பில் போடவில்லை என்று பார்த்துக்கொள்ளுங்கள். கடை மூடிய பிறகு செய்வது உத்தமம்.
3. ஒத்திகைக் கம்பெனியை மூடிவிடுங்கள். இரண்டும் திறந்திருந்தால் எதில் ஏற்றுகிறோம் என்று தடுமாறும். திரையில் கம்பெனி பெயரை ஒரு தடவை வாய்விட்டுப் படியுங்கள்.
4. குரூப், பிறகு லெட்ஜர். விடை: இக்னோர் டூப்ளிகேட்ஸ். தொகையும் இப்போதே ஏற்றுவதானால் கேஷ் லெட்ஜர் ஏற்கெனவே இருப்பதால் அதன் தொகை மட்டும் ஏறாது. அதைக் கையால் போட்டுவிடுங்கள்.
5. ஏற்றிய ஷீட்டின் பெயரில் தேதியும் "ஏற்றியது" என்ற சொல்லும் சேர்த்துப் பத்திரப்படுத்துங்கள். இனி அதில் எதையும் மாற்றாதீர்கள். பிறகு வரும் திருத்தத்தையும் இரண்டாம் சுற்றுத் தொகையையும் அதன் நகலில் போடுங்கள்.

பிரைவேட் லிமிடெட் கம்பெனியாக இருந்தால் இன்னொன்று. 2023 ஏப்ரல் 1 முதல் கம்பெனிகள் பயன்படுத்தும் கணக்கு மென்பொருளில் ஒவ்வொரு திருத்தமும் பதிவாக வேண்டும், அந்தப் பதிவை நிறுத்தவும் கூடாது என்று விதி இருக்கிறது. டேலியில் இதற்கென எடிட் லாக் பதிப்பு உண்டு. அதில் நீங்கள் ஏற்றி, அழித்து, மறுபடி ஏற்றிய கதையெல்லாம் ஆடிட்டர் கண்ணில் படும். தப்பில்லை, ஆனால் ஒத்திகையை ஒத்திகைக் கம்பெனியிலேயே முடித்துக்கொண்டால் விளக்கம் சொல்லும் வேலை மிச்சம்.

டிஃபரன்ஸ் இன் ஓப்பனிங் பேலன்சஸ்

தொகைகள் ஏறியதும் டிரையல் பேலன்ஸைத் திறங்கள். இருபக்கமும் நேராகாவிட்டால் இந்த வரி அடியில் வந்து நிற்கும். பதற வேண்டாம். வித்தியாசத் தொகையே பெரும்பாலும் காரணத்தைச் சொல்லிவிடும்.

*வித்தியாசம் 6,50,000, சரக்கு இருப்பும் 6,50,000.* கணக்கையும் சரக்கையும் டேலியில் இணைத்து வைத்திருக்கிறீர்கள். அப்போது சரக்கு மதிப்பு ஒவ்வொரு ஐட்டத்தின் ஓப்பனிங் இருப்பிலிருந்துதான் வரும், லெட்ஜரிலிருந்து வராது. ஐட்டங்களை மதிப்போடு ஏற்றியதும் வித்தியாசம் தானே மறையும். அதைச் சரிக்கட்ட வேறு லெட்ஜரில் கை வைக்காதீர்கள்.

*வித்தியாசம் 30,000.* அதைப் பாதியாக்கிப் பாருங்கள். 15,000 என்று ஏதாவது தொகை இருக்கிறதா? ஆடிட் ஃபீஸ் பாக்கி கிரெடிட்டுக்குப் பதில் டெபிட்டில் ஏறியிருக்கிறது. பக்கம் மாறினால் வித்தியாசம் எப்போதும் இரு மடங்காக வரும்.

*வித்தியாசம் 1,800.* ஒன்பதால் மீதியின்றி வகுபடுகிறது. பக்கத்துப் பக்கத்து இலக்கம் இடம் மாறியிருக்கலாம்: 46,800 என்பது 48,600 ஆகியிருக்கும். பழைய கணக்குப்பிள்ளைகளின் தந்திரம் இது, கம்ப்யூட்டர் வந்த பிறகும் வேலை செய்கிறது. ஷீட்டிலேயே மொத்தத்தை நேர் செய்துவிட்டுப் போனவர்களுக்கு இந்த வகை வராது. வந்தால் யாரோ டேலியில் கையால் மாற்றியிருக்கிறார்கள்.

வித்தியாசம் பூஜ்யம் என்பதாலேயே எல்லாம் சரி என்று நினைத்துவிட வேண்டாம். குரூப் மாறினாலும், ஒரு பார்ட்டியின் பாக்கி இன்னொரு பார்ட்டிக்குப் போனாலும் மொத்தம் நேராகவே இருக்கும். பேலன்ஸ் ஷீட்டைத் திறந்து, ஒவ்வொரு குரூப் மொத்தத்தையும் ஆடிட்டர் கொடுத்த காகிதத்தோடு பென்சிலால் டிக் அடித்து ஒப்பிடுங்கள். பெரிய பாக்கி உள்ள பத்துப் பார்ட்டிகளைத் தனியாகத் திறந்து பாருங்கள்.

பில் வாரியான பாக்கி

ஒரு பார்ட்டியின் பாக்கி 86,000 என்று மட்டும் ஏற்றினால் அது எந்தெந்த பில்லுக்கு, எத்தனை நாள் ஆனது என்று டேலிக்குத் தெரியாது. பணம் வரும்போது எந்தப் பழைய பில்லில் கழிப்பது என்ற பேச்சு வரும். பில் வாரியாகப் பாக்கி பார்க்கும் வழக்கம் உங்களுக்கு இருந்தால், அந்த லெட்ஜர்களில் பில் பை பில் அமைப்பைப் போட்டு, பழைய பில் நம்பர், தேதி, தொகையைப் பிரித்துக் கொடுங்கள். பிரித்த தொகைகளின் கூட்டல் ஓப்பனிங் பேலன்ஸுக்குச் சமமாக வர வேண்டும். எல்லாருக்கும் செய்ய நேரம் இல்லையென்றால் இழுத்தடிக்கும் பார்ட்டிகளில் தொடங்குங்கள். மாதாமாதம் கணக்கைத் தீர்த்துவிடுகிறவர்களுக்கு மொத்தமே போதும்.

முதல் பில் போடும் முன்

ஒத்திகைக் கம்பெனியை இன்னும் அழிக்காதீர்கள், கடைசியாக ஒரு வேலை பாக்கி. அதில் இரண்டு விற்பனை பில் போட்டுப் பாருங்கள். ஒன்று தமிழ்நாட்டுப் பார்ட்டிக்கு, ஒன்று கேரளப் பார்ட்டிக்கு. முதலாவதில் சிஜிஎஸ்டியும் எஸ்ஜிஎஸ்டியும், இரண்டாவதில் ஐஜிஎஸ்டியும் விழ வேண்டும். விழாவிட்டால் அந்தப் பார்ட்டியின் மாநிலத்தைப் பாருங்கள், பிறகு வரி லெட்ஜரில் வரி வகை சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். ஏற்றும்போது டியூட்டீஸ் அண்ட் டாக்சஸ் குரூப்பில் சரியாகப் போய் உட்கார்ந்த லெட்ஜரிலும் வரி வகை விட்டுப்போயிருக்கலாம். திருத்த வேண்டியதை ஷீட்டில் திருத்தி நிஜக் கம்பெனியில் ஏற்றிய பிறகு, ஆல்ட் + கே வழியாக ஆல்டரில் ஒத்திகைக் கம்பெனியைத் திறந்து ஆல்ட் + டி. அழிக்கும் முன் திரையில் உள்ள பெயரில் "ஒத்திகை" இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.